லைல் வேகவைத்த பாறை

லைல் டெஸ்ட்ரியைப் போல ஒரு தொடைநடுங்கியை டி பியர் ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் தேடினாலும் அந்தப் பக்கம் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆறடி இரண்டங்குல உயரம், ஐம்பத்தாறு வயது, போதாக்குறைக்குத் தாடி வேறு. பார்த்தால் கரடியோடு மல்லுக்கட்டுகிற ஆள் மாதிரிதான் இருப்பான். ஆனால் லிப்ட் என்றால் பயம், பாலம் என்றால் பயம், ஊசி என்றால் பயம், அடுத்த வீட்டு நாய் தும்மினால்கூடப் பயம். கழிவறைக் காகிதம் செய்கிற ஆலையில் இருபத்தொன்பது வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை. அந்த ஒரு இடத்தில்தான் அவன் பயத்துக்கு மரியாதை. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதற்குத்தானே அங்கே சம்பளம்.

அவனுக்கு வாய்த்த மார்சி நேரெதிர். குளிர்காலத்தில் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். எதிரே நீட்டிய கை தெரியாத புயலில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது, காபிக் குவளையும் கையுமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவாள். இவன் ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடிப்பான். அரை மணிக்கு ஒரு தடவை போன் போடுவான்.

"என்ன லைல், செத்துட்டேனான்னு பாக்குறியா? இன்னும் இல்ல. போனை வை."

முப்பது வருஷமாக இதே பேச்சுதான். கேலி செய்வாளே தவிர, அவளுக்கு அவன்மேல் உயிர்.

லைலுக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்குகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. பல் டாக்டரின் காத்திருப்பு அறை. சிரிக்காதீர்கள். அங்கே ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. உள்ளே பவளங்கள் மெல்ல அசைந்துகொண்டிருக்கும், மஞ்சள் மீன் ஒன்று பாறைக்குள் போய்ப் போய் வரும். பல் பிடுங்க வேண்டிய நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவான். இதைக் கவனித்துவிட்டுத்தான் மார்சி அவனுடைய பிறந்தநாளுக்கு, பக்கத்து ஊரான ஆப்பிள்டனில் வீடு காலி செய்த யாரிடமோ பழைய தொட்டி ஒன்றை வாங்கி, தன் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து முன்னறையில் இறக்கினாள்.

"இந்தா. இனிமே பயப்படணும்னா வீட்டுலயே சொகுசா உக்காந்து பயப்படு."

பாவம், நல்லதென்று நினைத்துச் செய்தாள். கடல்நீர்த் தொட்டி வைத்தவன் எவனாவது நிம்மதியாக இருந்திருக்கிறானா? அடுத்தவன் தொட்டியைப் பார்ப்பதில்தான் நிம்மதி. சொந்தத் தொட்டி என்றால் உப்பு கூடிவிட்டதா, சூடு குறைந்துவிட்டதா என்று நாள் முழுக்கப் பதைப்புதான். அதிலும் புதிதாக ஓர் உயிரை உள்ளே விடுகிற நாள் இருக்கிறதே, அதைவிடப் பெரிய கண்டம் கிடையாது. வருகிற ஜீவன் தனியாக வராது. நோய் கொண்டு வரும், புழு கொண்டு வரும், எந்த இடுக்கிலாவது ஒளிந்துகொண்டு நண்டு வரும். ஒன்று உள்ளே போய்விட்டால் அப்புறம் தொட்டியையே கவிழ்த்தாலும் பிடிக்க முடியாது.

லைல் புத்தகத்தில் போட்டபடி ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும் வைத்துக் காத்திருந்தான். ஏழாவது வாரமும் காத்திருந்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. பிறகு ஐந்து நத்தைகளை விட்டான். ஐந்தும் பிழைத்தன. பிறகு இரண்டு கோமாளி மீன்கள். பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, சன்னக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் இறக்கி, நொடிக்கு இரண்டு சொட்டா மூன்று சொட்டா என்று கண் கொட்டாமல் எண்ணிக்கொண்டிருந்தான். மார்சி சாண்ட்விச் கொண்டு வந்து வாயில் ஊட்டிவிட்டுப் போனாள். கையை எடுத்தால் எண்ணிக்கை தவறிவிடுமாம்.

எங்கள் பக்கத்தில் பவளம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பௌலிங் கூடத்தின் பின்னறையில் கூடுவார்கள். ஆளுக்கொரு குளிர்பெட்டியில் பவளத் துண்டுகள் கொண்டு வந்து மாற்றிக்கொள்வார்கள். புது ஆள் வந்தால், பழைய ஆள் ஒருவர் தன் தொட்டியிலிருந்து ஒரு துண்டு சும்மா கொடுக்க வேண்டும். கொடுத்தவர் தொட்டி என்றைக்காவது செத்துப்போனால், வாங்கியவர் அதே பவளத்தில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் மறுநாள் சாயங்காலம் போன் போட்டு, "திறந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பவளம் புது இடத்தில் மனம் ஒப்பி விரிந்துவிட்டதா என்று அர்த்தம். கல்யாணம் முடித்து அனுப்பின பெண்ணை விசாரிக்கிற மாதிரிதான் கேட்பார்கள்.

ஜனவரியில் லைல் முதல் தடவையாக அங்கே போனான். அவனுக்குத் துண்டு கொடுத்தவர் கிர்பி. அறுபத்தெட்டு வயது, கார் பட்டறை வைத்திருந்து மூடியவர், கரடுமுரடான பேச்சு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பாறை ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் மேல் முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்புப் பவளங்கள், நடுவில் பச்சைப் புள்ளியோடு. தொட்டால் மூடிக்கொள்ளும்.

"பதினாலு வருஷமா எங்கூட இருக்கு. என் பொண்டாட்டிகூட அத்தனை வருஷம் இருக்கல. கையுறை போட்டுத் தொடு. தொட்ட கையோட கண்ணைத் தேய்க்காத. வேற ஒண்ணும் வேண்டாம், இது லேசுல சாகாது."

"செத்துடுச்சுன்னா?" என்று கேட்டான் லைல்.

"செத்தா உன்னைக் கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் கிர்பி. லைலுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரைக்கும் பாறையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கூட்டி வருகிற மாதிரி வந்தான்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, பக்கெட்டில் தனியாக வைத்திருந்த பாறையைக் கையுறை போட்டுத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பாறையின் அடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று தலையை நீட்டி, இரண்டு பக்கமும் மயிர் சிலிர்க்க, மறுபடி உள்ளே போயிற்று.

லைல் பாறையைப் பக்கெட்டுக்குள் போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினான். முள்ளுப்புழு. நிஜத்தில் அது ஓர் அப்பிராணி, அழுக்கைத் தின்றுகொண்டு கிடக்கும். சங்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கிர்பியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது கதை. ஆனால் எப்படிக் கேட்பது? சும்மா கொடுத்த பொருளில் புழு இருக்கிறது என்று கொடுத்தவரிடமே சொல்வதா? எங்கள் ஊரில் அது ஆகிற காரியமா? விருந்துக்குப் போன வீட்டில் சோற்றில் கல் கிடந்தால் கடித்து விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று சொல்கிற ஜனங்கள் நாங்கள்.

லைல் கணினியில் தேடினான். எவனோ ஒருவன், ஊர் பேர் இல்லாதவன், எழுதியிருந்தான்: பாறையைக் கொதிக்க வை, ஒரு பூச்சி மிஞ்சாது. லைலுக்கு அது பிடித்துப்போயிற்று. கொதிக்க வைப்பதைவிடப் பத்திரமான காரியம் உலகத்தில் எது? பாறையைச் சுத்தியலால் இரண்டாக உடைத்தான். நல்ல பாதியைப் பக்கெட்டிலேயே விட்டான். ஓட்டை இருந்த பாதியில் பத்திருபது பொத்தான்கள்தான், அவையும் சுருங்கிக் கிடந்தன. அதை மட்டும் வேகவைத்துச் சுத்தமாக்கி, மறுபடி இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால் கிர்பிக்குத் தெரியாது. இதுதான் அவன் போட்ட கணக்கு.

பானையில் தண்ணீர் வைத்து, பாறையைப் போட்டு, அடுப்பை மூட்டினான். குளிருக்காக ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி இறுக்குவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். லைல் இரண்டு தாள் ஒட்டுவான். அடுப்புக்கு மேலே உள்ள விசிறியையும் போடவில்லை, வீட்டுச் சூடு வெளியே போய்விடுமென்று. தண்ணீர் சூடேற ஆரம்பித்தது. ஓட்டைக்குள்ளிருந்து புழு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் நீளம். வந்து பானைக்குள் துடித்துப் புரண்டது.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு லைல் பின்கதவைத் திறந்து வெளியே ஓடினான். கோட்டுகூடப் போடவில்லை.

மார்சி பக்கத்து அடுப்பில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பைக் கிண்ட வந்தவள், பானையை எட்டிப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"லைல்! இதுக்கா ஓடுற? நூடுல்ஸ் மாதிரி இருக்குய்யா! வெங்காயம் போடட்டுமா? உப்பு பாத்தியா?"

"அடுப்பை அணை மார்சி!"

"அதெல்லாம் அணைக்க முடியாது. நல்லா வேகட்டும். டிவியில ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடலாம், நீ அங்கயே நில்லு."

அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "சேத்துல செத்த மீன் வாசனை" என்றாள். கரண்டியால் பாறையைப் புரட்டிவிட்டாள். ஒரு கையால் சில்லியையும் மறு கையால் பாறையையும் கிண்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியாக அவனுக்குப் பழிப்புக் காட்டினாள். இருபது நிமிஷம் இருக்கும். லைல் வெளியே பனியில் உதறிக்கொண்டு நின்றான். குளிர் தாங்க முடியாமல் உள்ளே வந்தபோது கொதித்து முடிந்திருந்தது. அடுப்படி முழுக்க ஆவி. அவனுக்குக் கண் லேசாக எரிந்தது.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மார்சி இருமினாள். பாதி ஆட்டத்தில் போர்வை கேட்டாள். மார்சி போர்வை கேட்டு அவன் பார்த்ததே இல்லை. பல் கிட்டித்தது, கால் சதையெல்லாம் வலிக்கிறது என்றாள். நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"லைல். மூச்சு... முழுசா வரமாட்டேங்குது."

அவளுடைய முகத்தில் அப்படி ஒரு பார்வையை அவன் முப்பது வருஷத்தில் கண்டதில்லை. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படிச் சாவியை எடுத்தான், எப்படி அவளைத் தூக்கி உட்கார வைத்தான் என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. நடுங்கிக்கொண்டேதான் ஓட்டினான். பாலத்தையும் நடுங்கிக்கொண்டேதான் தாண்டினான்.

மருத்துவமனையில் எங்கே பார்த்தாலும் இருமல். இளம் டாக்டர் ஒரு பெண், காலையிலிருந்து உட்காராத முகம். மார்சியின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவியில் தொண்ணூற்று நாலு என்று எண் வந்தது.

"ஃப்ளூ காய்ச்சலாதான் இருக்கும். இந்த வாரம் மட்டும் முப்பது பேர் பாத்தாச்சு. ஆக்சிஜன் வைக்கிறோம், டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்" என்று சொல்லிவிட்டு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அடுத்த நோயாளியிடம் போனாள்.

லைல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூறு. அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கிர்பி.

அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் எடுக்கவில்லை. மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், இவனுக்கோ, பதினாலு வருஷப் பவளத்தில் பாதியை வேகவைத்துவிட்டேன் என்று அந்தக் கிழவரிடம் எப்படிச் சொல்வது என்று பயம். மனுஷனுடைய பயத்துக்கு வேளையும் கிடையாது, விவஸ்தையும் கிடையாது. மூன்றாவது தடவை எடுத்தான்.

"என்னப்பா, திறந்துச்சா?" என்றார் கிர்பி.

"ம். திறந்துச்சு."

"எல்லாமா?"

"எல்லாம். அழகா இருக்கு. அப்புறம் பேசறேன் கிர்பி, கொஞ்சம் வேலையா இருக்கேன்."

"அதான் சொன்னேனே, சாகவே சாகாது. சரி, வை." சந்தோஷமாக வைத்தார்.

எண்பத்தெட்டு. மார்சி முகமூடியைக் கொஞ்சம் விலக்கி ஏதோ சொன்னாள். அவன் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"வாய்ல... சில்லறைக் காசைப் போட்டு வச்ச மாதிரி... கசக்குது. மத்தியானத்துலருந்து."

லைல் நாக்கால் தன் அண்ணத்தைத் துழாவினான். அவன் வாயிலும் அதே கசப்பு இருந்தது. இரும்புக் கசப்பு. பயத்தில் வந்தது என்று நினைத்து அவ்வளவு நேரம் விழுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே மத்தியானத்தில், ஒரே கசப்பு. ஆலையில் இரண்டு சுருளில் ஒரே கறை இருந்தால் அவன் என்ன செய்வான்? அந்த இரண்டும் சேர்ந்து கடந்து வந்த இடம் எதுவென்று தேடுவான். இரண்டு பேரும் இன்றைக்குச் சேர்ந்து நின்ற இடம் எது? அடுப்படி. அவள் இருபது நிமிஷம், இவன் இரண்டு நிமிஷம்.

நடைபாதைக்கு வந்து கிர்பியைக் கூப்பிட்டான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்தினான்.

"கிர்பி, பொய் சொல்லிட்டேன். திறக்கல. பாதியைக் கொதிக்க வச்சுட்டேன். புழு இருந்துச்சு. மன்னிச்சிடுங்க. மார்சிக்கு மூச்சு வரமாட்டேங்குது."



"கொதிக்க வச்சியா? வீட்டுக்குள்ளயா?" கிர்பியின் குரல் மாறிவிட்டது. "அடப்பாவி. ஆவியை யாரெல்லாம் மூச்சுல இழுத்தீங்க?"

"அவதான். நான் கொஞ்சம்."

"லைல், நல்லா கேளு. அந்தப் பொத்தானுக்குள்ள விஷம் இருக்கு. சாதாரண விஷம் இல்ல. தண்ணிக்குள்ள இருக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது, கொதிக்க வச்சா ஆவியோட வெளிய வந்துடும். நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். டாக்டர்கிட்ட போனைக் குடு. இப்பவே. இந்த நிமிஷம்."

டாக்டர் மூன்று படுக்கை தள்ளி வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். லைல் போய் நின்று, "மேடம்" என்றான். "ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள் திரும்பாமலே. எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? சரி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டலில் தப்பான சாப்பாடு வந்தால் அதையே தின்றுவிட்டு வருகிறவன் இவன். அவன் கால்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிக்கூடவிட்டன. திரைக்கு அந்தப் பக்கம் மார்சியின் கருவி கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பவளம்!" என்று கத்தினான் லைல். கூடமே திரும்பிப் பார்த்தது. "ஃப்ளூ இல்லை! பவளத்தை வேகவச்சேன்! அதுல விஷம் இருக்கு, என் பொண்டாட்டி அதை மோந்துட்டா, செத்துக்கிட்டு இருக்கா! இந்தப் போன்ல பேசுங்க! தயவு செஞ்சு பேசுங்க!"

யாரோ பைத்தியம் என்று நினைத்துக் காவலாளி ஓர் எட்டு முன்னால் வந்தான். டாக்டர் அவனைக் கையமர்த்திவிட்டுப் போனை வாங்கினாள். கிர்பி என்ன சொன்னாரோ, கேட்கக் கேட்க அவள் முகத்திலிருந்த களைப்பு போயிற்று. விஷ ஆலோசனை மையத்துக்கு அவளே போன் போட்டாள். பிறகு நாலைந்து பேராக வந்து மார்சியின் படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"இதுக்கு மாத்து மருந்து கிடையாது" என்று லைலிடம் ஒளிக்காமல் சொன்னாள் டாக்டர். "நுரையீரல் வீக்கத்தைக் குறைக்க மருந்து குடுக்கிறோம், மூச்சுக்கு உதவி பண்றோம், இதயத்தையும் தசையையும் பாத்துக்கிட்டே இருக்கணும். மிச்சத்தை அவங்க உடம்புதான் தாங்கணும். நீங்க சொல்லலேன்னா நாங்க ஃப்ளூன்னு நினைச்சு வீட்டுக்கே அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்போம்."

மறுநாள் மார்சிக்குத் தொண்டையில் குழாய் போட்டார்கள். லைலையும் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவன் அந்த நாற்காலியைவிட்டு நகரவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு மண்ணும் வரவில்லை. ஒவ்வொரு தடவை கருவி கத்தும்போதும் பதறி எழுந்து நின்றான். இருந்திருந்து குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ளப் பயம், ஏதாவது ஒயர் பிடுங்கிக்கொள்ளுமோ என்று. போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கிர்பியும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் முகமூடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய், பானை, கரண்டி, சில்லி எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்து, ஜன்னல் தாள்களைக் கிழித்தெறிந்து, இரண்டு நாள் வீட்டைத் திறந்துபோட்டுத் துடைத்தார்கள். மிச்சப் பாதிப் பாறையைக் கிர்பி மூடி போட்ட பக்கெட்டில் தன் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார். மருத்துவமனைக்கு வந்தவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லியிருக்கணும், லைல். கையுறை போடச் சொன்னவன் காரணத்தையும் சொல்லியிருக்கணும். கல்லைப் போய் எவன் வேகவைப்பான்னு நினைச்சுட்டேன்."

"நான் கேட்டிருக்கணும்" என்றான் லைல். கிர்பி சாயங்காலம் வரைக்கும் கூட உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். மார்சிக்குப் பேச்சு கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. லைல் ஆறு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினான். "நான்தான் மார்சி. கிர்பிகிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டு நான்தான் வேகவச்சேன். புழுவைப் பாத்து உன்னை விட்டுட்டு வெளிய ஓடினேன். நான் அங்க நின்னிருந்தா..."

"நின்னிருந்தா ரெண்டு படுக்கை" என்றாள் மார்சி. இருமல் வந்தது. அடங்கியபிறகு, "கிண்டினது நான்தானே. நீ அணைன்னு சொன்ன, நான் கேக்கல" என்றாள். பிறகு அவளும் அழுதாள், அவனும் அழுதான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள்.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், லாரி ஓட்டுவது வசந்தகாலம் வரைக்கும் யோசிக்கவே வேண்டாம் என்றார்கள். மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில், பனியெல்லாம் கண் கூசுகிறது. லைல் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினான். மார்சி தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு" என்றாள்.

"சரி."

"உள்ள அந்த வாசனை இருக்குமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா உனக்கு வரலாம்."

ஒன்றுமில்லை, பேசாமல் வா என்று அவன் சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்குமென்று அவனைவிட யாருக்குத் தெரியும்? எஞ்சினையும் அவன் அணைக்கவில்லை. மார்சி அவன் கையை எடுத்துத் தன் கோட்டுக்கு மேல் நெஞ்சில் வைத்தாள். அடித்துக்கொண்டிருந்தது.

"இங்க பாரு லைல். எனக்கு என்ன ஆகுதுன்னே தெரியல. உள்ளங்கையெல்லாம் வேர்க்குது. அது வெறும் அடுப்படி. எனக்குத் தெரியுது, வெறும் அடுப்படின்னு. ஆனா கால் வரமாட்டேங்குது."

"வராது" என்றான் லைல். "தெரிஞ்சாலும் வராது."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இப்படித்தானா இருக்கும்? எப்பவுமா?"

"எப்பவும்னு இல்ல." அவன் யோசித்தான். "பாதி நாள்."

"இதோடவா வேலைக்குப் போன? இதோடவா என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போன?"

"ம்."

மார்சியின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "நான் சிரிச்சேனே லைல். முப்பது வருஷமா சிரிச்சேனே."

அவன் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, இருமல் வராத மாதிரி மெதுவாகச் சாய்த்துக்கொண்டான். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். "அவசரமே இல்ல. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு" என்றான். எதிரே இருந்த தங்கள் வீட்டைப் பார்த்தபடி இரண்டு பேரும் நாலு மணி வரைக்கும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.